கதவைப் பூட்டிச் செய்த கிரீடம்

ஆவணி 16, திங்கள்

சும்மா கொடுக்கிற பொருளை நான் சும்மா வாங்குவதில்லை. அருளப்பன் சார் இந்த டைரியை நீட்டியதும் முதலில் புரட்டிப் பார்த்தேன். உரக் கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் பூச்சிமருந்துப் படம். தனக்கு வேண்டாததை என் தலையில் கட்டிவிட்டு, கூடவே ஒரு யோசனையும் சொன்னார்.

"கை வரலன்னா கண்ண எழுதுங்க சார். தெனமும் பாத்தத ரெண்டு வரி எழுதி வைங்க. கோடு தன்னால வரும்."

எனக்குக் கை வரவில்லை என்று இவரிடம் யார் சொன்னது? தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு என் தூரிகையைப் பற்றி என்ன கவலை? சுயம்புக்கனிதான் சொல்லியிருக்க வேண்டும். சுயம்புக்கனி என் மனைவி. இதைப் படிக்கிற மூன்றாம் ஆள் யாராவது இருந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன். இருக்கக் கூடாது.

ஊரில் எனக்கு டிராயிங் சார் என்று பெயர். ஆதிலிங்கம் என்று சொன்னால் தபால்காரருக்கே யோசனை வரும். இந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். ஏழு வருஷமாகப் படம் போடவில்லை. கரும்பலகையில் மாம்பழம் போட்டது கணக்கில் சேராது.

எழுதி முடித்ததும் டைரியை வார்னிஷ் டப்பாக்களுக்குப் பின்னால் வைப்பதாக உத்தேசம். அவளுக்கு வார்னிஷ் வாடை ஆகாது.

ஆவணி 17, செவ்வாய்

பார்த்தது: ஒரு காக்கை. எழுதியது: ஒரு காக்கை. கோடு வரவில்லை.

ஆவணி 19, வியாழன்

இன்று ஒரு விஷயம் நடந்தது.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சுயம்புக்கனி கேட்டாள். "என்னங்க, ஒரு காளி கிரீடம் வேணும். நீங்கதான் செஞ்சு தரணும்."

"யாருக்கு?"

"நேர்த்திக்கு."

"என்ன நேர்த்தி?"

"அது நிறைவேறுத வரைக்கும் வெளிய சொல்லக்கூடாதுல்லா. கேக்காதிய."

எங்கள் கடற்கரைப் பக்கம் புரட்டாசி வந்தால் பாதி ஜனம் வேறு ஆளாகிவிடும். குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, குரங்காக, கரடியாக, போலீஸ்காரனாக வேடம் போட்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்கித் தசராவுக்குக் கோவிலில் சேர்ப்பார்கள். வேடத்திலேயே கடினமானது காளி. நாற்பத்தொரு நாள் விரதம். அதிலும் எங்கள் ஊர்த் தசரா குழுவில் ஒரு கட்டு உண்டு. காளியின் கிரீடத்தைக் கடையில் வாங்கக் கூடாது. காளி போடுகிறவர் வீட்டில், வீட்டு ஆள் கையால் செய்ய வேண்டும். வாங்கிய கிரீடம் என்று தெரிந்தால் இறக்கி வைத்துவிடுவார்கள். அந்த வருஷ நேர்த்தி அதோடு போயிற்று.

ஆக, இவள் காளி போடப் போகிறாள். முப்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவளுக்கு, என்னிடம் சொல்ல முடியாததாக அம்மனிடம் சொல்ல என்ன இருக்கிறது?

சரி என்றேன். பாசத்தில் சொன்னதாக அவள் நினைத்துக்கொள்ளட்டும். கிரீடம் என் கையில் இருந்தால் விஷயமும் என் கைக்கு வரும் என்பது என் கணக்கு.

ஆவணி 21, சனி

அரிசிப் பானையில் நான் விரலால் கோடு போட்டு வைத்திருந்தேன். இரண்டே நாளில் கோட்டுக்கு வெகு கீழே போய்விட்டது. இரண்டு பேர் இவ்வளவு சாப்பிட்டால் இந்நேரம் எங்களைக் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும்.

சாயங்காலம் ஒரு பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு கோவில் பக்கம் போகிறாள். கேட்டால் "விளக்குப் போட". விளக்குப் போடப் பையில் என்ன இருக்கும்? எண்ணெய். எண்ணெய் இப்படிப் புடைக்காது.

போன் வந்தால் கிணற்றடிக்குப் போய்ப் பேசுகிறாள். நான் போனால் "சரி வைக்கேன்" என்கிறாள். அந்தக் குரலில் ஒரு குழைவு. என்னிடம் அந்தக் குரலை அவள் எடுத்து எத்தனையோ காலம் ஆயிற்று.

போன வருஷம் திருப்பூரில் இருக்கிற அக்காவுக்கு மஞ்சள் காமாலை என்று போய் மூன்று வாரம் தங்கினாள். அடுத்த மாதமே ஒரு கல்யாணத்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். தக்காளிப் பழம் மாதிரி இருந்தார். காமாலைக்காரிக்கு அப்படி ஒரு நிறம் வருமா?

திருப்பூர் என்றதும் இன்னொன்று. என் மகன் திருமணிச்செல்வனும் அந்த ஊரில்தான் இருக்கிறான். கட்டடச் சுவர்களில் விளம்பரம் எழுதுகிறானாம். ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. அவனைப் பற்றி அவ்வளவுதான் எழுத இருக்கிறது.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரே விடைதான் வருகிறது. இவள் என்னை விட்டுவிட்டு அக்கா வீட்டோடு போய்விடப் போகிறாள். அதற்குத்தான் அம்மனிடம் அனுமதி கேட்கிறாள். எழுத்து வரியை விட்டு இறங்குகிறது. வயசுக் கோளாறாக இருக்கும்.

ஆவணி 24, செவ்வாய்

சற்குணம் கடையில் அட்டை, ஜிகினாத் தாள், கண்ணாடிச் சில்லு, பசை வாங்கி வந்து முதல் கிரீடம் செய்தேன். சற்குணம் வேடச் சாமான் விற்கிறவன். கிரீடமும் செய்வான். நான் எது வாங்கினாலும் ஏன், எதற்கு என்று கேட்பான். சொல்லவில்லை.

கிரீடம் கல்யாண மண்டப வாசல் மாதிரி வந்தது. மேலே "நல்வரவு" என்று எழுதினால் சரியாக இருக்கும். அடுப்பில் போட்டேன்.

மனசு ஆறாமல் உடன்குடிச் சந்தைக்குப் போனேன். அருளப்பன் சார் சொன்னபடி பார்க்கிறதுதானே என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். கருப்பட்டிக்காரி முன்னால் ஓலைப்பெட்டி அடுக்கியிருந்தது. புது ஓலை வெள்ளையாக, சாயம் ஏற்றியது சிவப்பாகவும் பச்சையாகவும், குறுக்கே நெடுக்கே ஓடி மூலையில் மடங்கித் திரும்பியது. ஆயிரம் தடவை பார்த்த பெட்டிதான். அந்த மூலையை மட்டும் நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு பட்டை கீழே போய்க் காணாமல் போகிறது, பிறகு எதிர்பாராத இடத்தில் தலையை நீட்டுகிறது.

ஒரு பெட்டி வாங்கினேன். என் முகத்தில் ஆசையைப் பார்த்துவிட்டு விலையை ஏற்றியிருப்பாள். ஆசை தெரிந்திருந்தால் அது என் தப்பு.

வீட்டில் பெட்டியை ஒவ்வொரு பட்டையாகப் பிரித்தேன். சுயம்புக்கனி எட்டிப் பார்த்தாள். "புதுப் பெட்டிய ஏன் பிக்கிய?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கேன்."

"உள்ள ஒண்ணும் இருக்காதுங்க. பெட்டின்னா வெறும் பெட்டிதான்."

என்னை அவள் ஒரு மாதிரி பார்த்தாள். இரக்கமா, கேலியா, சொல்லத் தெரியவில்லை.

ஆவணி 26, வியாழன்

மணப்பாடு கடற்கரைக்குப் போயிருந்தேன். வள்ளங்களுக்குப் புதுச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள், நடுவில் மயிரிழை போலச் சிவப்பு. முப்பது வருஷமாக "நீலத்தின் பக்கத்தில் மஞ்சளை நேராக வைக்காதே" என்று பாடம் நடத்தியிருக்கிறேன். வள்ளக்காரருக்கு என் பாடம் தெரியாது. அவர் வைத்த இடத்தில் மஞ்சள் எரிந்தது.

திரும்பும் வழியில் தேரிக்காட்டுச் சிவப்பு மணல் ஒரு பொட்டலம் எடுத்துவந்தேன். பஸ்ஸில் பக்கத்து ஆசாமி "என்ன சார் பொட்டலம்?" என்றான். தலையைத் திருப்பிக்கொண்டேன். வழியில் பேச்சுக் கொடுக்கிறவனை நம்பக் கூடாது.

ஆவணி 29, ஞாயிறு

கோடு வந்தது.

காலையில் காப்பி குடித்த கையோடு பென்சிலை எடுத்தேன். பிடித்த பிடியில் தெரிந்துவிட்டது. ஓலைப் பட்டைகள் கீழிருந்து பின்னிக்கொண்டே ஏறி, உச்சியில் ஒவ்வொன்றும் தனியாகப் பிரிந்து தீ மாதிரி நிற்கிற கிரீடம். ஜிகினா கிடையாது. வள்ளத்து நீலமும் மஞ்சளும், அடியில் தேரிச் சிவப்பு. தாள் முழுக்கப் போட்டேன், பின்பக்கமும் போட்டேன். சந்தோஷமாக இருந்தது. அதை எழுதுவதில் என்ன வெட்கம்? சந்தோஷமாக இருந்தது.

வேலை செய்ய மேற்கு அறையைத் திறந்தேன். ஏழு வருஷம் பூட்டிக் கிடந்த அறை. டர்பன்டைன் வாடை இன்னும் இருக்கிறது. வாடையோடு அந்தச் சங்கதியும் வந்துவிட்டது. வந்ததை எழுதிவிடுகிறேன். யாரும் என்னைத் தப்பாக நினைக்க இதில் ஒன்றுமில்லை.

மாவட்ட அளவில் இளைஞர் ஓவியக் கண்காட்சி. திருமணி உப்பளத்து மதிய வெயிலைப் போட்டிருந்தான். உப்புக் குவியலின் நிழலில் ஒரு பெண் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். பார்த்தால் நமக்கே கண் கூசும். நடுவர்களுக்குச் சந்தேகம் வந்தது. அப்பன் டிராயிங் மாஸ்டர், அப்பன்தான் போட்டுக் கொடுத்திருப்பான் என்று. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் தொடவில்லை என்றேன். அது சத்தியம். "அப்ப பையனே போட்டதுதான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்" என்றார்கள்.

அவன் இந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டான். நான் பார்க்கவில்லை. பார்க்காததற்கு ஒரு மனுஷன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்? அதைத்தான் சொன்னேன். "நான் பாக்கலயே சார்." அவ்வளவுதான். திருமணி பக்கத்தில்தான் நின்றான். படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள்.

இருபத்தோரு வயதில் அப்படி ஒரு வெளிச்சம் வராது. எனக்கு நாற்பதிலும் வரவில்லை. அதனால் சந்தேகப்பட்டது இயற்கை.

ஆவணி 30, திங்கள்

தலை அளவு கேட்டேன். முடிச்சுப் போட்ட நூல் ஒன்றைத் தயாராக எடுத்துக் கொடுத்தாள். எப்போது அளந்தாள்?

மத்தியானம் அவள் கண்ணயர்ந்தபோது நூலை அவள் நெற்றியைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரல் நுழைகிற அளவு தொளதொளவென்று கிடக்கிறது. விழித்துக்கொண்டாள்.

"என்ன செய்யுதிய?"

"அளவு கூடுதலா இருக்கே."

"ஜடாமுடி வச்சு அதுக்கு மேலதான கிரீடம்? கூடத்தான் இருக்கும். நூல்ல உள்ளபடி செய்யுங்க."

பதில் நியாயமாகத்தான் இருக்கிறது. நியாயமான பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களை நான் நம்புவதில்லை.

புரட்டாசி 3, வெள்ளி

அறையை உள்ளே பூட்டிக்கொண்டுதான் வேலை. சன்னலுக்குப் பழைய வேட்டி. சுயம்புக்கனி காப்பியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் தட்டுவாள். அவள் போன பிறகு எடுத்துக்கொள்வேன். முடியும் முன்னால் யார் கண்ணும் படக் கூடாது. முக்கியமாகச் சற்குணம் கண். இரண்டு முறை வாசல் பக்கம் சைக்கிளில் போனான். அவனுக்கு எங்கள் தெருவில் என்ன ஜோலி?

பென்சிலில் போட்ட தாள்கள், பின்னிப் பார்த்துப் பிசகிய துண்டுகள், சாயம் தோய்த்துப் பார்த்த ஓலை எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எரித்துவிடுகிறேன். ஒரு துண்டு கிடைத்தால் போதும், அடுத்த வருஷம் அவன் கடையில் இதே கிரீடம் வரிசையாகத் தொங்கும்.

விரலெல்லாம் ஓலை கீறிய கோடு. எரிகிறது. இருந்தாலும் காலையில் எழுந்ததும் கை தானாக அந்த அறைப் பக்கம் போகிறது.

புரட்டாசி 5, ஞாயிறு

முடிந்தது. சன்னலைத் திறந்து வெளிச்சத்தில் வைத்தேன். நான் செய்ததிலேயே நல்லது இதுதான்.

அந்த நேரம் பார்த்துச் சற்குணம், பசைக்குப் பாக்கிச் சில்லறை கொடுக்க என்று வந்துவிட்டான். சில்லறைக்காக வீடு தேடி வருகிற கடைக்காரனை யாராவது கண்டதுண்டா? வாசலில் நின்று சன்னல் வழியாகவே பார்த்துவிட்டான்.

"எங்க வாங்குனிய சார்?"

"வாங்குனனா? நான் செஞ்சது."

"நீங்களா?" என்றான். "இது நம்ம பக்கத்து வேலை இல்லையே சார். கேரளாவா?"

"நான் செஞ்சதுன்னு சொல்லுதேன்."

"சரி சார், சரி. நீங்க சொன்னா சரிதான்." சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நம்பாதவன் சிரிப்பு. என் கையால், என் வீட்டில், ராப்பகலாகச் செய்ததை ஒருவன் பார்த்துவிட்டு "நீங்களா?" என்கிறான். இதைவிட ஒரு மனுஷனை வேறு எப்படி அவமானப்படுத்துவது?

சாயங்காலம் சன்னலுக்கு மறுபடி வேட்டியைக் கட்டினேன்.

புரட்டாசி 6, திங்கள்

கிரீடத்தை வெள்ளைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "குடில்ல வச்சுப் பூசை போடணும்" என்றாள். நல்லாயிருக்கு என்றோ மோசம் என்றோ ஒரு வார்த்தை இல்லை. துணிக்கு மேலாக அதைத் தடவிக்கொண்டே போனாள்.

புரட்டாசி 8, புதன்

நேற்று குலசையில் கொடி ஏறியது. வேடம் போடுகிறவர்கள் எல்லாம் காப்புக் கட்டியாயிற்று. சுயம்புக்கனி கையைப் பார்த்தேன். காப்பு இல்லை. இன்று காலை இரண்டு தோசை சாப்பிட்டாள், மத்தியானம் வயிறாரச் சோறு. காளி போடுகிறவள் ஒருவேளை பச்சரிசிச் சோறு தின்றுகொண்டு குடிலில் அல்லவா கிடக்க வேண்டும்? கிரீட மும்முரத்தில் இத்தனை நாளும் எனக்கு இது உறைக்கவில்லை.

குடில் என்பது கோவில் பக்கம் குழுவினர் போட்டிருக்கிற ஓலைக் கொட்டகை. காளி போடுகிறவர் அங்கேயே தங்கித் தானே பொங்கிச் சாப்பிடுவார். நான் அந்தப் பக்கம் போய்ப் பல வருஷம். கண்காட்சிச் சங்கதிக்குப் பிறகு, நாலு பேர் கூடுகிற இடத்தில் என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

அப்படியானால் யார் அந்தக் காளி? என் கிரீடத்தை யார் தலையில் வைக்கப் போகிறாள்? யாருக்கோ செய்துகொடுத்து நான் ஏமாந்தேனா? நேராகக் கேட்டேன்.

"நாளைக்கு மொத வீடு நம்ம வீடுதான். காளி சொந்த வீட்டுலதான மொதக் காணிக்கை வாங்கணும்" என்று சொல்லிவிட்டு, வாசல் தெளிக்கப் போய்விட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

புரட்டாசி 9, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் மேளம் தெருமுனையில் கேட்டது. நானும் சுயம்புக்கனியும் வாசலில் நின்றோம். முன்னால் இரண்டு குரங்கு, ஒரு கரடி, நர்ஸ் வேடத்தில் தையற்கடைக்காரர் மகன். அவர்களுக்குப் பின்னால் காளி. முகமெல்லாம் நீலச் சாயம், தொங்குகிற சிவப்பு நாக்கு, முதுகில் கட்டிய மரக்கைகள், இடுப்பு வரை ஜடாமுடி. மேலே என் கிரீடம். வெயிலில் அந்த மஞ்சள் எரிந்தது.

நல்ல உயரம். ஆண்பிள்ளை. நூல் ஏன் தொளதொளவென்று கிடந்தது என்று அப்போது விளங்கியது. வேறு எதுவும் விளங்குவதற்கு முன்னால் மேளம் நின்றது.

குழுத் தலைவர் பட்டுராஜன் முன்னால் வந்தார். பின்னால் சற்குணம் நின்றான்.

"சார், தப்பா நினைக்காதிய. ஒரு சந்தேகம். ஒங்க வாசல்லயே தீந்துரட்டும்" என்றார் பட்டுராஜன். "இந்தக் கிரீடம் விலைக்கு வாங்குனதுன்னு ஒரு பேச்சு இருக்கு. நம்ம கட்டு ஒங்களுக்குத் தெரியும். வீட்டுக் கையி செஞ்சதுன்னா நடப்போம். இல்லன்னா இப்பமே எறக்கிருவோம். விரதம் இருந்த பிள்ளைக்குத் தோசம் வந்துரக்கூடாது."

"நான் செஞ்சது" என்றேன்.

"நீங்க பிரஷ் தொட்டே வருசக்கணக்கு ஆகுதுன்னு ஊருக்கே தெரியும் சார். ஏதாவது துண்டு, துணுக்கு, வரைஞ்ச தாளு இருந்தாக் காட்டுங்க. போதும்."

எல்லாவற்றையும் எரித்துவிட்டேன் என்றேன். சற்குணம் யாரையோ பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். தெரு முழுக்க ஜனம்.

பட்டுராஜன் என் மனைவி பக்கம் திரும்பினார். "மைனி, நீங்க பாத்தியளா? சார் செய்யும்போது பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒங்க வார்த்தை போதும்."

ஒரு வார்த்தைதான். அவள் சொல்லியிருக்கலாம். அம்மன் பேரால் நிற்கிற இடத்தில் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பாக்கல அண்ணாச்சி" என்றாள். "கதவு பூட்டியிருந்துச்சு."

அந்த வார்த்தையை நான் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறேன். என் குரலில் கேட்டிருக்கிறேன். குழுவில் ஒருவர் கிரீடத்தை இறக்கக் காளியின் தலைப் பக்கம் கையை நீட்டினார்.

காளி ஒரு அடி பின்னால் வைத்தது. வாயில் கடித்திருந்த அந்த நாக்கை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டது.

"இது எங்கப்பா கை" என்றது.

திருமணியின் குரல். கொஞ்சம் தடித்திருக்கிறது.

பட்டுராஜன் வேடத்துக்கு உரிய மரியாதையோடு கையைக் கட்டிக்கொண்டார். "தாயே, நீ பாத்தியா? நீ நாப்பது நாளா குடில்லல்லா இருக்க?"

"பாக்கல."

"பொறவு?"

"பாக்கணும்னு இல்ல அண்ணாச்சி. எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னான். என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. நாக்கை மறுபடி வாயில் மாட்டிக்கொண்டான். காளி சொன்ன பிறகு யாருக்கும் அதற்கு மேல் பேச்சில்லை. பட்டுராஜன் கையைக் காட்ட, மேளம் எடுத்தது.

காணிக்கைத் தட்டை என் முன்னால் நீட்டினான். என்ன போட்டேன் என்று நினைவில்லை. ஊரோடு சேர்ந்து நானும் அந்தக் காலில் விழுந்தேன். காளி காலில் யாரும் விழலாம், அப்பனும் விழலாம். எழுந்தபோது நெற்றியில் திருநீறு வைத்தான். மணிக்கட்டில் நீளமாக ஒரு தையல் தழும்பு, சாயத்தை மீறித் தெரிந்தது. அது என்ன என்று கேட்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

புரட்டாசி 10, வெள்ளி

சுயம்புக்கனி சொன்னாள். நேர்த்தி பலித்துவிட்டது, இனிச் சொல்லலாமாம்.

போன வருஷம் கட்டடச் சாரம் சரிந்து திருமணி விழுந்திருக்கிறான். வலது கை மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. இனிப் பிரஷ் பிடிக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்குக் காமாலை என்று இவள் போனது அதற்குத்தான். கை பழையபடி வந்தால் அவனைக் காளி போட வைக்கிறேன் என்று நேர்ந்திருக்கிறாள். வந்துவிட்டது. அரிசி, சாயங்காலப் பை, கிணற்றடிப் போன் எல்லாம் அவனுக்குத்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவியளான்னு ஒரு பயம்" என்றாள். "எக்ஸ்ரேயக் கொண்டான்னு சொல்லிட்டியன்னா, அந்தப் பிள்ள தாங்குவானா?"

அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"கிரீடத்தப் பத்தி அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"துணிய எடுத்ததும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். ஓலய எங்க மடிச்சிருக்காவன்னு விரல வச்சுத் தேடுனான். பொறவு, 'அப்பாக்குக் கை வந்துட்டும்மா'ன்னான்."

புரட்டாசி 13, திங்கள்

இரண்டு முறை குடில் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். வேடத்தில் இருக்கிறவனிடம் வீட்டுப் பேச்சு பேசக் கூடாது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். பயம்தான்.

புரட்டாசி 17, வெள்ளி

குலசையில் காப்புக் களைந்தார்கள். கடலில் குளித்துவிட்டு நேரே திருச்செந்தூர் போய் பஸ் ஏறுவதாகத் திருமணி அம்மாவிடம் சொல்லியிருந்தானாம். வேலைக்கு லீவு முடிகிறது. நான் அவளுக்கு முன்னால் கிளம்பித் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

தோளில் பையோடு வந்தான். மெலிந்திருக்கிறான். என்னைக் கண்டு நின்றான், பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பஸ் போர்டுகளைப் படித்துக்கொண்டிருந்தோம்.

"கை எப்படி இருக்கு?" என்றேன்.

விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினான். "குளிர்ல மட்டும் வலிக்கும்."

பஸ்ஸில் வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தேன். வரிசையாக வார்த்தைகள். ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்: "நீ படம் போடும்போது ஒரு நாளு உக்காந்து பாக்கணும்ல. நான் பாத்ததே இல்ல."

அவன் பையின் வாரைச் சுற்றினான், அவிழ்த்தான். "இப்பமும் பாத்தாத்தான் நம்புவியளாப்பா?"

குத்திக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா, குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டில் எதுவானாலும் கேட்க அவனுக்கு உரிமை உண்டு.

"இல்லலே" என்றேன். "நம்பிட்டேன். சும்மா பாக்கணும்."

திருப்பூர் பஸ் வந்தது. ஏறி சன்னல் பக்கம் உட்கார்ந்தவன் என்னைப் பார்த்தான். காதோரத்திலும் கண்ணைச் சுற்றியும் நீலச் சாயம் இன்னும் போகவில்லை. அதனால் சிரித்தானா, கண்ணாடியில் அடித்த வெயிலுக்கு முகத்தைச் சுளித்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. சிரித்தான் என்றே எடுத்துக்கொண்டேன்.